பார்ப்பதற்குக் கூலி இல்லை

அமெரிக்காவில் ஆக்‌ஷன் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி எழுதிப் பிழைக்கிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் எந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர். ஒரு வாரம் ஓர் இதழுக்கு விமர்சனம், அடுத்த வாரம் வேறோர் இணையதளத்துக்கு நடிகர் பேட்டி, இடையில் சிறந்த கார் துரத்தல்கள் பத்து என்பது போன்ற பட்டியல் என்று துண்டு துண்டாக வேலை வரும். கூலி சொல் கணக்கிலோ, கட்டுரைக்கு இவ்வளவு என்றோ. எழுத வேண்டிய விஷயத்தைத் தானே தேடி, ஒரு பத்தியாகச் சுருக்கி ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுத்தே தொடங்கும். ‘பிட்ச்’ எனப்படும் அந்தப் பத்திக்குக் கூலி கிடையாது. படம் பார்க்கும் இரண்டு மணி நேரத்துக்கும் கிடையாது. ஒரு சண்டைக் காட்சியை நான்கு முறை திரும்ப ஓட்டிப் பார்ப்பவருக்கு அது முழுக்கத் தன் செலவு. இந்தத் தொழிலின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே கிளைக்கின்றன.

குடும்பக் கதையைப் பற்றி எழுதுகிறவருக்கு வசனமும் கதைப்போக்கும் கைகொடுக்கும்; ஒருமுறை பார்த்ததை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். ஆக்‌ஷன் படத்தில் நடப்பதெல்லாம் உடல்களுக்கும் இடத்துக்கும் இடையில் நடக்கிறது. யார் எங்கே நின்றார், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, கேமரா எவ்வளவு தள்ளி இருந்தது, ஷாட் எந்தக் கணத்தில் மாறியது என்பவை திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் கரைந்துபோகின்றன. மிச்சமிருப்பது படபடப்பு மட்டும். ஆக்‌ஷன் விமர்சனம் என்ற பெயரில் அச்சாவதில் பெரும்பகுதி ‘அதிரடி’, ‘மூச்சுமுட்டும்’ போன்ற அடைமொழிகளால் நிரம்பியிருப்பதற்கு எழுதுகிறவரின் சோம்பலை மட்டும் குறைசொல்ல முடியாது. பார்த்தது நினைவில் இல்லாதபோது அடைமொழி ஒன்றுதான் துணை.

இந்த எழுத்துக்கு அங்கே முன்னோடிகள் உண்டு. 1930களில் நியூ ரிபப்ளிக் இதழில் எழுதிய ஓட்டிஸ் ஃபெர்குசன், ஜேம்ஸ் காக்னி போன்ற நடிகர்களின் உடல்மொழியைக் கதைக்குக் குறையாத விஷயமாக எடுத்துப் பேசினார். போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்தவர், 1943-இல் இத்தாலியின் சலெர்னோ கரையோரம் குண்டுவீச்சில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற திரைப்படப் பத்தியை 1942-இல் ஏற்றவர் மேனி ஃபார்பர். 1917-இல் அரிசோனா மாநிலத்தின் மெக்சிகோ எல்லையோர ஊரான டக்ளஸில் பிறந்தவர். அடிப்படையில் ஓவியர். நியூ யார்க்கில் நெடுங்காலம் தச்சு வேலை செய்து வாழ்ந்தார். நியூ ரிபப்ளிக்கை விட்ட பிறகு நேஷன், நியூ லீடர் என்று இதழ் மாறி இதழ் எழுதினார். 1966-இல் கவலியர் என்ற ஆண்களுக்கான பத்திரிகையிலும், பிறகு ஆர்ட்ஃபோரம் என்ற கலை இதழிலும் அவர் பத்தி வந்தது. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் வாசகர்களுக்கு எழுதியும் அவர் நடை ஓர் இஞ்சு வளைந்துகொடுக்கவில்லை.

1957-இல் காமென்டரி இதழில் அவர் எழுதிய ‘அண்டர்கிரவுண்ட் ஃபிலிம்ஸ்’ கட்டுரை ஆக்‌ஷன் இயக்குநர்களுக்காக எழுந்த முதல் பெரிய வாதங்களில் ஒன்று. ஹோவர்ட் ஹாக்ஸ், ரவுல் வால்ஷ், வில்லியம் வெல்மன், ஆன்டனி மான் ஆகியோரின் படங்கள் அன்று நியூ யார்க்கின் நாற்பத்திரண்டாம் தெருவின் அழுக்கடைந்த மலிவுக் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தன. விருதுக்காகச் சமூகப் பிரச்சினை பேசிய கனமான படங்களைவிட இவற்றில்தான் அமெரிக்க உடல், அமெரிக்க வேலை, அமெரிக்கத் தெரு உயிரோடு இருக்கின்றன என்றார் ஃபார்பர். சில ஆண்டுகளில் வந்த இன்னொரு கட்டுரையில் கலையை வெள்ளை யானை, கறையான் என்று இரண்டாகப் பிரித்தார். தன் கனத்தைத் தானே காட்சிக்கு வைப்பது முதல் வகை. எதிரே இருப்பதை அரித்துக்கொண்டே போய், போன தடத்தைத் தவிர வேறெதையும் விட்டுவைக்காதது இரண்டாவது. அவர் மனம் கறையான் பக்கம்.

கோட்பாட்டைவிட அவருடைய கண் முக்கியமானது. ‘தி பிக் ஸ்லீப்’ (1946) படத்தில் ஹம்ப்ரி போகார்ட் ஒரு புத்தகக் கடையிலிருந்து எதிர்க் கடைக்குத் தெருவைக் கடக்கும்போது, அண்ணாந்து ஒரு பெயர்ப்பலகையைப் பார்ப்பார். கண்ணிமைக்கும் நேரம்தான். நாற்பதுகளின் சிறந்த தருணங்களில் ஒன்றாக ஃபார்பர் அதைச் சொன்னார். கதைக்கு அந்தப் பார்வையால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் அந்தத் தெரு இருக்கிறது, அந்த ஆள் அதில் நடக்கிறான் என்பது அந்த ஒரு கணத்தில் உறுதியாகிவிடுகிறது. ஃபார்பரின் கட்டுரைகளில் கதைச்சுருக்கம் பெரும்பாலும் இராது. படத்தின் நடுவிலிருந்து ஓர் அசைவைப் பிடித்துத் தொடங்குவார். முடிவுரை என்ற ஒன்றையும் மதிக்க மாட்டார். இன்றைய இணைய ஆசிரியர் அப்படியொரு கட்டுரையை முதல் பத்தியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம். 1970-இல் ஃபார்பர் சான் டியகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டு ‘நெகடிவ் ஸ்பேஸ்’ தொகுப்பு வந்தது. பின்னர் மனைவி பட்ரீசியா பேட்டர்சனோடு சேர்ந்து எழுதினார். எழுபதுகளின் முடிவில் விமர்சனத்தை விட்டு ஓவியத்துக்கே திரும்பினார். 2008-இல் இறந்தார். திரைப்பட எழுத்து முழுவதும் ஒரே நூலாக வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

ஃபார்பர் கண்ணால் பிடித்ததைப் பின்வந்தவர்கள் அளந்தும் பார்த்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் போர்ட்வெல் 2000-இல் வெளியிட்ட ‘பிளானட் ஹாங்காங்’ நூலில், ஹாங்காங் சண்டைக் காட்சிகளுக்கு ஒரு தாளம் இருப்பதைக் காட்டினார்: ஒரு நிலைப்பு, ஒரு வெடிப்பு, மறுபடி நிலைப்பு. அந்த நிலைப்புதான் அடுத்த அடி எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளரைக் கணிக்க வைக்கிறது. 1930க்கும் 1960க்கும் இடையே ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 விநாடி. தொண்ணூறுகளின் இறுதியில் அது 3 முதல் 6 விநாடியாகச் சுருங்கியது என்று இன்னொரு கட்டுரையில் கணக்குச் சொன்னார். 2007-இல் வந்த ‘தி பார்ன் அல்டிமேட்டம்’ சுமார் 2 விநாடிக்கு இறங்கியது. ஆட்டங்காணும் கேமராவும் சேர்ந்துகொண்டபோது, யார் யாரை அடித்தார் என்று விமர்சகருக்கே தெரியாமல் போனது. ‘வெர்ன்’ என்ற புனைபெயரில் எழுதி, ஸ்டீவன் சீகலின் படங்களை மட்டும் வைத்து 2008-இல் ஒரு தடித்த நூலே கொண்டுவந்த எழுத்தாளர், சண்டை எந்த அளவுக்குப் புரிகிறது என்பதற்குத் தனி மதிப்பெண் போடத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். வேடிக்கையாகத் தோன்றினாலும் இந்தத் துறையில் எழுந்த உருப்படியான அளவுகோல்களில் அதுவும் ஒன்று.

புரிவது மட்டும் போதுமா என்றால் போதாது. ‘புல்லிட்’ (1968) படத்தின் சான் பிரான்சிஸ்கோ துரத்தல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடுகிறது. வசனம் இல்லை, வேகம் பிடித்ததும் பின்னணி இசையும் நின்று, இன்ஜின் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஊர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்: ஒரு தெருவின் முனையில் திரும்பும் கார், ஊரின் வேறொரு மூலையில் வெளிப்படும். ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகனை இரண்டு கார்களும் திரும்பத் திரும்ப முந்துகின்றன. ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்களில் எடுத்து அடுத்தடுத்து ஒட்டியதன் விளைவு. ஆனாலும் ஃபிராங்க் கெல்லருக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது, நியாயமாகவே கிடைத்தது. வரைபடம் பொய்யானாலும் இரண்டு கார்களுக்கு இடையிலான தூரம் ஒவ்வொரு ஷாட்டிலும் தெளிவாக இருக்கிறது. டாம் பிரெய்ஹன், ஏ.வி. கிளப் தளத்தில் ஆண்டுக்கு ஒரு முக்கிய ஆக்‌ஷன் படம் என்று எடுத்து எழுதிய தொடரை இந்தப் படத்திலிருந்து தொடங்கினார்.

எழுத்தால் பிடிக்க முடியாததைக் காட்சியாலேயே காட்டலாம் என்று இறங்கியவர்கள் டோனி சோவும் டெய்லர் ராமோஸும். ‘எவ்ரி ஃபிரேம் எ பெயின்டிங்’ என்ற யூடியூப் வரிசையில் 2014-இல் வந்த ஜாக்கி சான் பற்றிய காணொளிக் கட்டுரை, சில நிமிடங்களில் பல நூல்களின் வேலையைச் செய்தது. அடிப்பவரும் அடி வாங்குபவரும் ஒரே ஃபிரேமில் இருப்பது, அடி விழும் கணத்தை அடுத்த ஷாட்டில் சற்றுப் பின்னிழுத்து மறுபடி காட்டுவது, கேமராவை அசைக்காமல் விடுவது ஆகியவற்றை அமெரிக்கப் படங்களின் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். காணொளியில் ஒவ்வொரு படத்துண்டின் நீளத்தைத் தீர்மானித்ததில் யூடியூபின் காப்புரிமைக் கண்டறி மென்பொருளுக்கும் பங்குண்டு என்று பின்னர் அவர்களே எழுதினார்கள்.

அசைவைப் பார்க்கத் தெரிந்த எழுத்தாளருக்கு அடுத்து வேண்டியது, அசைந்தவர் யார் என்பது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகப் பஸ்டர் கீட்டன் மேல் சாய, மாடி ஜன்னலின் திறப்பு அவரைச் சுற்றி இறங்கும். அங்கே நின்றது நடிகரேதான். பிற்காலத்தில் அப்படியில்லை. ‘மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 2014-இல் அதே ரீவ்ஸை வைத்து ‘ஜான் விக்’ எடுத்தார். அந்தப் படத்தில் கேமரா தள்ளி நிற்பதும் ஷாட்கள் நீள்வதும் தற்செயல் இல்லை. விழுகிறவனுடைய வேலை தெரிந்தவர் எடுத்த படம் அது. ஆனால் படம் வந்தபோது எழுதப்பட்ட குறிப்புகளில் பல, நடிகரின் மறுவருகையைக் கொண்டாடியதோடு நின்றுவிட்டன.

ஸ்டண்ட் கலைஞர்களுக்கு ஹாலிவுட் தந்த மரியாதை நீண்ட காலம் கௌரவ விருதுகளோடு சரி. யாகிமா கனட்டுக்கு 1967-இல் நடந்த விழாவிலும், ஹால் நீதமுக்கு 2012-லும், ஜாக்கி சானுக்கு 2016-லும் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. தொலைக்காட்சி முந்திக்கொண்டது: ஸ்டண்ட் ஒருங்கிணைப்புக்கான எம்மி 2002-இல் தொடங்கியது. இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கு 2017-இல் இடம் கிடைத்தது. தமிழ்ப் படங்கள் வழியே அறிமுகமான பீட்டர் ஹெய்ன் ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்காக அதை முதலில் பெற்றார். ஆஸ்கர் அகாடமி 2025 ஏப்ரலில்தான் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது அறிவித்தது. அதுவும் 2027-இல் வெளிவரும் படங்களிலிருந்து.

ஆக்‌ஷன் படப்பிடிப்புக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் படப்பிடிப்பில் 2017-இல் ஜான் பெர்னெக்கர் என்ற ஸ்டண்ட் கலைஞர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். மறுநாளே ‘தி ரூக்கி’ என்ற காவல்துறைத் தொடர், தன் படப்பிடிப்பில் உண்மையான துப்பாக்கிகள் இனி இல்லை என்று அறிவித்தது. வெடிச் சத்தம் மட்டும் எழுப்பும் தோட்டா, பார்வைக்கு மட்டும் வைக்கப்படும் போலித் தோட்டா, உயிர் குடிக்கும் நிஜத் தோட்டா ஆகியவற்றின் வித்தியாசம் தெரியாமல் பல ஆண்டுகள் துப்பாக்கிச் சண்டைகளைப் புகழ்ந்துவந்த எழுத்தாளர்கள் அந்த வாரத்தில் அவசர அவசரமாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது. அதே கையால் அவகாசத்தைப் பிடுங்கிக்கொண்டது. 1998 முதல் 2014 வரை இயங்கிய ‘டெலிவிஷன் வித்அவுட் பிட்டி’ தளம், ஒவ்வொரு அத்தியாயத்தையும் விரிவாகத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்யும் எழுத்தை வழக்கமாக்கியது. மற்றத் தளங்களும் பின்பற்றின. ‘24’ போன்ற தொடரின் அத்தியாயம் இரவு முடிந்தால் காலைக்குள் கட்டுரை வர வேண்டும். அமெரிக்காவில் கதைசார்ந்த தொடர்களின் எண்ணிக்கை 2022-இல் 599ஐத் தொட்டு, மறு ஆண்டு 516ஆக இறங்கியது. இவ்வளவையும் யாராவது பார்த்து எழுதித்தானே ஆக வேண்டும்? 2015-இல் வந்த ‘டேர்டெவில்’ தொடரின் இரண்டாம் அத்தியாயத்தில், வெட்டே இல்லாததுபோல் தோன்றும் ஒரு நடைபாதைச் சண்டை உண்டு. அநேகமாக எல்லாரும் அதைக் கொரியப் படமான ‘ஓல்ட்பாய்’ (2003) உடன் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு: அந்த நாயகன் களைத்துப்போகிறான், சுவரில் சாய்கிறான், விழுந்தவர்கள் மறுபடி எழுகிறார்கள். பாதிச் சண்டை அறைகளுக்குள், கேமராவுக்குத் தெரியாமல் நடக்கிறது. நடிகரும் டூப்பும் இடம் மாறிக்கொள்ள அந்தக் கதவுகளே மறைவு. இதைக் கண்டுபிடிக்க இரண்டாம் முறை பார்த்தாக வேண்டும்; காலைக்குள் கட்டுரை கொடுப்பவருக்கு அது வாய்ப்பதில்லை.

எழுத்தாளருக்குப் படம் முன்கூட்டிக் காட்டப்படுவதும் நடிகர் பேட்டிக்குக் கிடைப்பதும் ஸ்டுடியோக்களின் தயவு. ‘ஜங்கெட்’ எனப்படும் ஏற்பாட்டில் ஒரு ஹோட்டல் அறையில் நட்சத்திரம் உட்கார்ந்திருக்க, நிருபர்கள் வரிசையாக உள்ளே போய்ச் சில நிமிடங்களில் திரும்புவார்கள். விமர்சனம் எந்த நாள், எந்த மணிக்கு வெளியாகலாம் என்பதையும் ஸ்டுடியோவே குறிக்கும். 2023 ஜூலை 14 அன்று ஹாலிவுட் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, விளம்பரப் பேட்டிகளும் நின்றன. அது 118 நாள் நீடித்தது. பேட்டியை மட்டுமே நம்பியிருந்தவர்களிடம் அந்த நாட்களில் விற்கச் சரக்கில்லை.

தயவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டேவிட் மேனிங் ஓர் உதாரணம். 2000-இலும் அடுத்த ஆண்டும் சோனி படங்களின் விளம்பரங்களில், கனெக்டிகட்டின் ஒரு சிற்றூர்ப் பத்திரிகை விமர்சகர் என்று இந்தப் பெயர் வந்தது. ‘ஹாலோ மேன்’, ‘வெர்டிகல் லிமிட்’, ‘எ நைட்ஸ் டேல்’ ஆகிய படங்களை அவர் வாயாரப் புகழ்ந்தார். அப்படியொரு மனிதரே இல்லை. விளம்பரப் பிரிவில் பிறந்த பெயர் என்பதை 2001 ஜூனில் நியூஸ்வீக் அம்பலப்படுத்தியது. பிறகு வந்த வழக்கில், படம் பார்த்தவர்களுக்கு டிக்கெட்டுக்கு 5 டாலர் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வியப்பு என்னவென்றால் அந்தப் பொய் பல மாதங்கள் யாருக்கும் உறுத்தவில்லை. அவர் பேசியது உயிருள்ள பல விமர்சகர்கள் பேசியதுபோலவே இருந்தது.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் பிறப்பும் ஆக்‌ஷன் படத்தோடு சேர்ந்தது. ஜாக்கி சானின் படங்கள் அமெரிக்காவில் வெளியாகும்போது வரும் விமர்சனங்களையெல்லாம் ஓரிடத்தில் படிக்க ஆசைப்பட்ட ரசிகர் சென் டுவாங் 1998-இல் அதைத் தொடங்கினார். இன்று அதில் சாதகமான விமர்சனங்களின் சதவீதம் ஒரு படத்தின் தலையெழுத்துபோல் பேசப்படுகிறது. எந்த இதழில் எழுதுகிறார் என்பதைவிட எழுதுபவரையே தனியாகக் கணக்கில் எடுக்கும்படி 2018-இல் அதன் விதிகள் தளர்ந்தது ஃப்ரீலான்ஸ்காரர்களுக்கு நல்லதே. ஆனால் நாற்பது வரியில் அளந்து எழுதியதும் நான்கு வரியில் வீசியதும் அங்கே ஒரே தக்காளிதான்.

பணத்துக்கு வரலாம். ஒப்புக்கொண்ட கட்டுரையை இதழ் கைவிட்டால் பேசிய தொகையில் ஒரு பங்கு மட்டும் கிடைக்கும். வெளியான கட்டுரைக்கும் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். ஜோனதன் தசினி தொடுத்த வழக்கில், ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்கள் அனுமதி இன்றி மின்தரவுத் தொகுப்புகளில் சேர்த்தது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வென்றது எழுத்தாளர்கள். அதன்பின் இதழ்கள் எல்லா உரிமைகளையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளத் தலைப்பட்டன. நியூ யார்க் நகரில் 2017 மே முதல், 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தமும், வேறு நாள் குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் கூலியும் சட்டப்படி கட்டாயம். 2024 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கலிஃபோர்னியாவில் நல்லெண்ணம் வேறுவிதமாகப் போயிற்று. 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம், ஓர் எழுத்தாளர் ஒரே நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 35 கட்டுரைக்கு மேல் எழுதினால் அவரை ஊழியராகவே கருதச் சொன்னது. வாரம் ஒரு அத்தியாயம் என்று எழுதுகிறவருக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் கணக்கு தீர்ந்துவிடும். நிறுவனங்கள் அவரை ஊழியராக்குவதற்குப் பதில் வெளிமாநிலத்தில் ஆள் தேடின. அந்த வரம்பு அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டது.

ஆக்‌ஷன் படங்களைப் பற்றி நிலைத்து நிற்கும்படி எழுதியவர்களை எண்ணிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஃபார்பருக்கு முதலில் தச்சு வேலை, பின்பு பல்கலைக்கழகச் சம்பளம். போர்ட்வெல் பேராசிரியர். பிரெய்ஹனுக்கு இசைத் தளம் ஒன்றில் வேலை. சோவும் ராமோஸும் படத் தொழிலில் உழைத்து, மிஞ்சிய நேரத்தில் காணொளி செய்தவர்கள். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நேரத்தை இவர்களுக்கு வாங்கித் தந்தது வேறு வருமானம். சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கொடுக்கிற இதழ் சொல்லைத்தான் பெறும். சண்டைக் காட்சி பற்றி நல்ல கட்டுரை வேண்டும் என்று கேட்கிற ஆசிரியர்கள், அதைப் பார்த்து முடிக்க ஆகும் நாளுக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும்.